குளம் கட்டவா, கூப்பன் கொடுக்கவா, பள்ளியிடமே கொடுத்துவிடவா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டது மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. உங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளின் நீச்சலுக்கும் பள்ளி விளையாட்டுக்கும் சேர்த்து ஐந்து ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். குழுவில் பெற்றோர் சார்பில் நீங்கள் இருக்கிறீர்கள். புதிதாக ஒரு பெரிய நீச்சல் குளம் கட்டலாம், பெற்றோர் கையில் கூப்பன் கொடுக்கலாம், தலைக்கு இவ்வளவு என்று பள்ளிகளிடமே கொடுத்துவிடலாம் என்று மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. ஆனால் கடைசி வரியில், பணம் தீர்ந்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஐந்து வருடம் கழித்து எத்தனை பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிந்திருக்கும், யார் யார் விடுபட்டிருப்பார்கள் என்பதுதான் விஷயம்.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவன். அப்புறம் பல பள்ளிகளுக்குக் குளத்து நேரம், பஸ், பயிற்சியாளர், பட்ஜெட் எல்லாவற்றையும் ஒழுங்குசெய்யும் வேலைக்கு வந்தேன். கட்டடப் பொறியியல் என் துறை இல்லை. அதனால் குளம் கட்ட எவ்வளவு ஆகும் என்பதை உங்கள் பொறியாளரிடமே கேளுங்கள். கட்டிய பிறகு என்ன ஆகும் என்பதை நான் சொல்கிறேன்.

என் பதில் இது. தொகையை முதல் நாளிலேயே இரண்டாகப் பிரித்து, நீச்சலுக்கு ஒரு கணக்கு, பள்ளி விளையாட்டுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக வையுங்கள். நீச்சல் பணத்தைக் கட்டடத்தில் போடாமல், ஒரு குறிப்பிட்ட வகுப்பில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி நேரத்திலேயே பாடம் நடத்தச் செலவழியுங்கள். கூப்பனைத் துணைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், அதையே திட்டமாக ஆக்க வேண்டாம். இதில் எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும், எங்கே சந்தேகம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டு கணக்கு ஏன் என்றால், இரண்டின் பலனும் ஒரே மாதிரி உறுதியானது இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் இறப்புக்கு இது மூன்றாவது பெரிய காரணம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுப்பது அந்த நிறுவனம் நேரடியாகப் பரிந்துரைக்கும் வழிகளில் ஒன்று. அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் உள்ள முக்கியமான ஆதாரம் பங்களாதேஷ் கிராமங்களிலிருந்து வந்தது. அங்கே டைல்ஸ் ஒட்டிய குளம் எதுவும் இல்லை. ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தப்பிக்கும் வித்தையும் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது, கற்காதவர்களோடு ஒப்பிட்டால், 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. பெரிய குளம் கட்டியே ஆக வேண்டும் என்று குழுவில் யாராவது அடித்துப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதியையும் மறைக்கக் கூடாது. பங்களாதேஷ் ஆய்வு சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைப் பிரித்துச் செய்தது இல்லை. கற்றவர்களையும் கற்காதவர்களையும் ஒப்பிட்டது, அவ்வளவுதான். சிறு குழந்தைகள் விஷயத்தில் ஆதாரம் இன்னும் மெலிந்தது. 2009-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, 1 முதல் 4 வயதுக் குழந்தைகள் முறையாக நீச்சல் கற்றால் மூழ்கும் ஆபத்து 88 சதவீதம் குறைவதாகச் சொன்னது. விளம்பரப் பலகைகளில் எல்லாம் இந்த 88 வந்துவிட்டது. அந்த ஆய்வே கொடுத்த பிழை வரம்பு 3 சதவீதத்திலிருந்து 99 சதவீதம் வரை என்பதை யாரும் எழுதுவதில்லை. அதாவது பலன் இருக்கிறது, ஆனால் கொஞ்சமா நிறையவா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று வயதுக் குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பு நடத்தப் பணம் கேட்டு யாராவது வந்தால், ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்து மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அந்தச் சின்ன வயதில் குழந்தையைக் காப்பது வேலியும், பூட்டிய கதவும், பெரியவர்களின் கண்ணும்தான்.

இப்போது பணம் எதை வாங்குகிறது என்று பார்ப்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு நீச்சல் வகுப்பு என்பது ஒரு மணி நேரம். உள்ளே அது எப்படிப் போகிறது தெரியுமா? முப்பது பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பஸ்ஸில் ஏற்றி இறக்க, போக வர அரை மணி. உடை மாற்ற முதலில் பத்து நிமிடம், முடிந்த பிறகு கால் மணி. ஈரக் காலில் சாக்ஸ் ஏறவே ஏறாது, ஒரு பிள்ளையாவது பக்கத்துப் பையனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும். எண்ணிக்கை எடுக்க ஐந்து நிமிடம். ஆக ஒன்றரை மணி நேரம் பள்ளி நேரத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரில் கிடைப்பது முப்பது நிமிடம். அந்த முப்பது நிமிடத்தில் ஒரே பயிற்சியாளர் முப்பது பேரைக் கரையோரமாக நிற்க வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தால், ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம். மற்ற இருபத்தொன்பது நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்குவதுதான். இருபது வகுப்பு முடிந்தாலும் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த கவனிப்பு மொத்தமே இருபது நிமிடம். பத்துப் பேருக்கு ஒருவர் என்று மூன்று பயிற்சியாளர்களைப் போட்டால் அது ஒரு மணி நேரம் ஆகிறது. பஸ் அதே பஸ், குளத்து வாடகையும் அதே வாடகைதான். கூடுதலாகக் கொடுப்பது இரண்டு பேரின் சம்பளம் மட்டுமே. நீச்சல் பட்ஜெட்டில் இதைவிட நல்ல பேரம் எனக்குத் தெரியாது. ஆனால் டெண்டர் போடும்போது முதலில் வெட்டுவதும் இதைத்தான், ஏனென்றால் வருகைப் பதிவேட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முப்பது பேர், இருபது வகுப்பு, முடிந்தது.

குளம் போதாது என்பதுதான் புதுக் குளம் கேட்பவர்கள் எப்போதும் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வட்டாரத்தில் ஒரே வயதில் உள்ள பிள்ளைகள் 6,000 பேர் என்று வையுங்கள் (எண்ணை உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்). முப்பது பேராகப் பிரித்தால் 200 குழு. ஒவ்வொன்றுக்கும் 20 வகுப்பு என்றால் ஆண்டுக்கு 4,000 வகுப்பு. ஒரு குளத்தில் பள்ளி நேரத்தில் நாளுக்கு ஐந்து வகுப்பு, வாரம் ஐந்து நாள், ஆண்டுக்கு 36 வாரம் என்றால் 900. ஆக ஐந்து குளங்களின் பகல் நேரம் இருந்தால் அந்த வயதுப் பிள்ளைகள் மொத்தப் பேருக்கும் பாடம் முடிந்துவிடும். குளம் பெரியதாக இருந்து ஒரே நேரத்தில் இரண்டு குழு இறங்க முடிந்தால் மூன்றே போதும். கல்லூரிக் குளம், கிளப் குளம், ஹோட்டல் குளம், தனியார் பயிற்சிக் குளம் என்று ஏற்கெனவே இருப்பவை வார நாளில் காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று வரை பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அவர்களுக்கும் அந்த நேரத்துக்கு வாடகை வருவது லாபம்தான். முதலில் இருக்கும் குளங்களின் பட்டியல், ஆழம், காலி நேரம் மூன்றையும் எடுங்கள். அதன் பிறகும் பற்றாக்குறை தெரிந்தால் மட்டும் கட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

கட்டியே ஆக வேண்டுமென்றால் சிறியதாகக் கட்டுங்கள். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் நாலு லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். அதை ஒரே ஒரு டிகிரி சூடாக்க சுமார் 470 யூனிட் வெப்பம் தேவை. போட்டி நீச்சலுக்கு 26, 27 டிகிரி போதும். ஆனால் கற்றுக்கொள்ளும் சின்னப் பிள்ளைக்கு 30 டிகிரி அளவில் இருந்தால்தான் உதடு நீலம் பாயாமல் அரை மணி தாக்குப்பிடிக்கும். சூடேற்றத் தேவையே இல்லாத வெப்பமான ஊர்களில்கூட ஃபில்டர், குளோரின், லைஃப்கார்ட் சம்பளம் விடாது. 12-க்கு 6 மீட்டர், ஆழம் 90 செ.மீ. என்று ஒரு கற்றல் குளம் கட்டினால் 65 ஆயிரம் லிட்டர்தான், பெரிய குளத்தில் ஆறில் ஒரு பங்கு. பிள்ளை காலூன்றி நிற்க முடிவதால் பயமும் சீக்கிரம் தெளியும். கடைசி நாலைந்து வகுப்புக்கு மட்டும் ஆழமான குளத்துக்குக் கூட்டிப்போனால் போதும். பெரிய குளம் என்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற விவகாரம். திறப்பு விழாப் பணம் எப்படியாவது கிடைத்துவிடும், தீனிப் பணம் ஆண்டுதோறும் வேண்டும்.

இந்த விஷயத்தில் ஜப்பானைப் பார்க்கலாம். 1955 மே மாதம் ஷியுன் மாரு என்ற பயணப் படகு மூழ்கி 168 பேர் இறந்தார்கள். அதில் 100 பேர் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போன பிள்ளைகள். நாடே குலுங்கிப்போய், பள்ளிதோறும் குளம் என்ற நிலைமைக்கு அவர்கள் போனதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் நீந்தக் கற்றார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குளங்களுக்கு வயதாகிவிட்டது. பழுது பார்க்கும் செலவும் ஆசிரியர்களின் வேலைச்சுமையும் தாங்காமல் இப்போது பல பள்ளிகள் குளத்தை மூடிவிட்டு, பிள்ளைகளைத் தனியார் அல்லது பொதுக் குளத்துக்கு அழைத்துப்போய்ப் பயிற்சியாளர்களை வைத்துக் கற்றுக்கொடுக்கின்றன. அவ்வளவு குளம் கட்டிய நாடே இன்று குளத்து நேரத்தை வாடகைக்கு எடுக்கும் பக்கம் நகர்கிறது. நாம் அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

கூப்பனைப் பற்றி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2018-ல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளையாட்டுச் செலவுக்கு ஆண்டுக்கு 100 டாலர் கூப்பன் கொடுக்க ஆரம்பித்தது. பின்னாளில் சிறு குழந்தைகளின் நீச்சலுக்குத் தனியாக ஒன்றும் வந்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் பயன்படுத்தின. ஆனால் வசதி குறைந்த பகுதிக் குடும்பங்களும், வீட்டில் வேறு மொழி பேசும் குடும்பங்களும் வாங்கிக்கொண்டது மற்றவர்களைவிடக் குறைவு. 2024-ல் இரண்டுக்கும் வருமான வரம்பு வைத்து, தொகையையும் குறைத்துவிட்டார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கூப்பனைப் பயன்படுத்த, குளம் பக்கத்தில் இருக்க வேண்டும், மாலையில் கூட்டிப்போக ஆள் இருக்க வேண்டும், ஆன்லைனில் பதிவுசெய்யத் தெரிய வேண்டும், மீதிக் கட்டணத்தைக் கையிலிருந்து போட வேண்டும். இவையெல்லாம் இருக்கும் வீட்டுப் பிள்ளை கூப்பன் இல்லாமலேயே கற்றிருக்கும். பள்ளி வகுப்பில் இருபது பாடம் முடிந்தும் நீந்த வராத பிள்ளைக்கு விடுமுறையில் கூடுதல் பயிற்சி என்று கூப்பனைக் கொடுத்தால் அது நல்ல உபயோகம். அந்தப் பிள்ளை யார் என்று அப்போது நமக்குத் தெரிந்திருக்கும்.

சரி, பள்ளிகளிடமே கொடுத்தால்? இங்கிலாந்து அதைச் செய்து பார்த்திருக்கிறது. 2013-ல் ஆரம்பப் பள்ளிகளுக்கு உடற்கல்வி, விளையாட்டு மானியம் என்று தனியாகப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2017-ல் அதை இரட்டிப்பாக்கி ஆண்டுக்கு 300 மில்லியன் பவுண்டுக்கு மேல் ஆக்கினார்கள், குளிர்பானங்களின் சர்க்கரை மீது போட்ட வரியைக் காட்டி. பெரும்பாலான பள்ளிகளுக்கு 16,000 பவுண்டு, அதோடு பிள்ளைக்கு 10 பவுண்டு என்பது கணக்கு. இதில் இரண்டு விதிகள் எடுத்துக்கொள்ளத் தக்கவை. பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ள நீச்சலுக்கு இந்தப் பணத்தைத் தொடக் கூடாது, கற்றும் வராதவர்களின் கூடுதல் வகுப்புக்கு மட்டும் பயன்படுத்தலாம். அப்படிச் சொல்லாவிட்டால் பள்ளி தன் பழைய செலவை இந்தப் பணத்தில் எழுதிவிட்டு, மிச்சமாகும் சொந்தப் பணத்தைக் கூரை ஒழுகலுக்கு எடுத்துக்கொள்ளும். தலைமையாசிரியரைக் குறை சொல்ல முடியாது, கூரையும் ஒழுகத்தான் செய்கிறது. இரண்டாவது, ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் 25 மீட்டர் நீந்துகிறார்கள், எத்தனை பேருக்குத் தண்ணீரில் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியும் என்று பள்ளி வெளியிட்டாக வேண்டும். நன்றாக வராத பகுதி, சில ஆண்டுகளில் அடுத்த ஆண்டுப் பணம் வருமா என்ற பதில் கடைசி நேரத்தில்தான் பள்ளிக்குக் கிடைத்தது. அப்படி இருந்தால் நிரந்தர ஆசிரியரை யார் எடுப்பார்கள்? வெளியிலிருந்து மணிக்கூலிக் கோச் வருவார், பணம் நின்றதும் போய்விடுவார். உங்களுக்கு ஐந்து ஆண்டு உறுதி இருக்கிறது. அதை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்தமாக மாற்றிவிடாதீர்கள்.

என் அனுபவத்தில் பள்ளிகள் தனித்தனியாகக் குளத்து நேரம் பேரம் பேசுவதைவிட, நீச்சல் பகுதியை வட்டார அளவில் ஒரே இடத்திலிருந்து நடத்துவது மேல். சின்னப் பள்ளிக்கு நாற்பது பிள்ளை, அவர்களுக்காக ஒரு பஸ் அமர்த்தினால் பாதி காலி. பக்கத்துப் பள்ளியோடு சேர்த்தால் நிறையும். பஸ் என்பது சில்லறை விஷயமாகத் தோன்றும். தொலைவில் உள்ள பள்ளிகளுக்குப் பயிற்சிக் கட்டணத்தைவிட அதுவே அதிகம் ஆவதைப் பார்த்திருக்கிறேன். தலைக்குச் சமமாகப் பிரித்த பணம் அங்கே சமமாக வேலை செய்யாது. நீச்சல் உடை, துண்டு, கண்ணாடி வாங்க ஒரு சின்னத் தொகையும், உடலை மூடிய உடை வேண்டும் என்று கேட்கும் பெண் பிள்ளைகளுக்கு அதற்கு ஏற்பாடும், உடை மாற்ற மறைவான இடமும் இருக்க வேண்டும். இவை இல்லாததால் “உடம்பு சரியில்லை” என்று சீட்டு வாங்கிக்கொண்டு கரையில் உட்காரும் பிள்ளைகள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பத்துக்கு ஒருவர் போதாது, சிலருக்கு ஒருவருக்கு ஒருவர் வேண்டும். அதைத் தனி வரியாக இப்போதே எழுதாவிட்டால் பின்னால் அவர்களைத்தான் விட்டுவிடுவார்கள்.

பள்ளி விளையாட்டுக்கு வருகிறேன். 5 முதல் 17 வயது வரை நாளுக்கு சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடல் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2016 நிலவரப்படி 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் அதை எட்டவில்லை, பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். பிரச்சினை பெரியது என்பது உறுதி. பள்ளித் திட்டங்கள் அதைத் தீர்க்கின்றனவா என்பதில்தான் சிக்கல். பிள்ளையின் உடலில் கருவி கட்டி நாள் முழுவதும் அளந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த ஒரு ஆய்வு, இப்படிப்பட்ட திட்டங்களால் மொத்த அசைவு கூடியதாகத் தெரியவில்லை என்றது. அதற்காக விளையாட்டுக்குப் பணம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குப் பள்ளி பிடித்துப்போவதற்கும், நண்பர்கள் கிடைப்பதற்கும் மைதானம் எவ்வளவு உதவுகிறது என்பதை எந்த உடற்கல்வி ஆசிரியரும் சொல்வார். ஆனால் நீச்சலைப்போல இத்தனை செலவழித்தால் இத்தனை பலன் என்று குழுவிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இங்கேயும் நிமிடக் கணக்குதான். நாற்பது பேருக்கு மூன்று பந்து இருந்தால் பீரியட் முழுக்க வரிசையில் நிற்பதே விளையாட்டு. எனவே முதல் செலவு பந்து, கயிறு, கூம்பு, நிழல், குடிநீர். அடுத்தது வகுப்பாசிரியர்களுக்குப் பயிற்சி, ஏனென்றால் பி.டி. சார் மாற்றலாகிப் போனாலும் அவர்கள் இருப்பார்கள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளுக்கு ஒரு உச்சவரம்பு போடுங்கள். கோப்பை, ஜெர்சி, பயணம் என்று அது பணத்தை விழுங்கும், பயன் பெறுவது ஏற்கெனவே நன்றாக ஓடும் பதினைந்து இருபது பேர். கோப்பையோடு எடுத்த படம் அலுவலகச் சுவரில் மாட்டப்படும் என்பதால் இதை வெட்டுவது கடினம். எதிர்ப்பு வரும், தயாராக இருங்கள்.

கடைசியாக, எதை அளப்பது. எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்டால் எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் பதில் வரும். பாடத்தின் முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னச் சோதனை போதும். சட்டையும் அரைக்கால் சட்டையும் போட்டபடி ஆழமான பக்கத்தில் பின்புறமாக விழ வேண்டும். மேலே வந்து மல்லாந்து மிதக்க வேண்டும், ஒன்றரை நிமிடம். அப்புறம் எந்த முறையிலாவது 25 மீட்டர் நீந்தி, ஏணி இல்லாமல் கரையேற வேண்டும். நெதர்லாந்தில் பிள்ளைகள் நீச்சல் சான்றிதழுக்கு உடையோடுதான் நீந்திக் காட்டுகிறார்கள், அங்கே வாய்க்கால்கள் ஏராளம். ஆனால் குளத்தில் தேறிய பிள்ளை ஆற்றுச் சுழலிலோ கடல் அலையிலோ தப்பிக்கும் என்று அந்தச் சான்றிதழ் சொல்லவில்லை. பெற்றோரிடம் அதை எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் சான்றிதழே ஒரு தவறான துணிச்சலைக் கொடுத்துவிடும்.

குளங்களின் பட்டியல் எடுக்கும்போதே பயிற்சியாளர்களின் பட்டியலையும் எடுத்துவிடுங்கள். ஐந்து குளங்களில் குழுவுக்கு மூன்று பேர் என்றால் பதினைந்து பேர், லீவு எடுப்பவர்களுக்கு மாற்றாக இன்னும் நாலைந்து பேர், அதில் பாதியாவது பெண்கள். வட்டாரத்தில் அத்தனை பேர் தேறாவிட்டால் நிதியின் முதல் ஆறு மாதத்தை ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க ஒதுக்கச் சொல்லுங்கள். குளத்தையும் பஸ்ஸையும் பேசி முடித்துவிட்டு, பாடம் எடுக்க ஆள் இல்லாமல் முதல் பருவத்தைத் தவறவிடுவது இந்த மாதிரித் திட்டங்களில் வழக்கமாக நடப்பதுதான்.